கான்கிரீட் கப்பலுக்குச் சுக்கான் மாட்டுவது எப்படி?

‘கான்கிரீட்டில் கப்பல் கட்டினார்களாமே, நிஜமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நிஜம்தான். ஒன்றிரண்டு இல்லை, இரண்டு உலகப் போர்களிலும் சேர்த்து டஜன் கணக்கில் கட்டினார்கள். எண்ணெய் ஏற்றினார்கள், நிலக்கரி ஏற்றினார்கள், போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களைக்கூட ஏற்றினார்கள்.

கான்கிரீட் எப்படி மிதக்கும் என்பது பெரிய புதிரே இல்லை. இரும்புத் துண்டு மூழ்கும், இரும்பு அண்டா மிதக்கும் இல்லையா? அதே கதைதான். தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ள இடம் இருந்தால் போதும், எதுவும் மிதக்கும்.

அதைக் கட்டிய பொறியாளர்களுக்குத் தலைவலி வேறொரு இடத்தில் இருந்தது. கப்பல் மிதந்துவிட்டது, சரி. அதைத் திருப்புவது எப்படி? சுக்கானை எதில் மாட்டுவது?

காம்பவுண்டு கேட் இருக்கிற வீட்டில் வசிப்பவர்களுக்கு இந்தப் பிரச்னை உடனே புரியும். இரண்டு ஆள் தூக்கும் இரும்பு கேட். அதைத் தாங்குவது தூணுக்குள் புதைத்த இரண்டு கீல். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருடம் மேல் கீலைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஐந்தாம் வருடம் சிமென்ட் பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும். கேட்டும் உறுதியாகத்தான் இருக்கும், தூணும் உறுதியாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்கிற இடம்தான் விட்டுக்கொடுக்கும்.

இப்போது அந்தத் தூணைக் கடலில் மிதக்க விடுங்கள். கேட்டைத் தண்ணீருக்கு அடியில் மாட்டுங்கள். அருகில் ஒரு பெரிய விசிறி ராப்பகலாகச் சுழன்று தண்ணீரை அதன்மேல் அடிக்கட்டும். கேட்டை நாளெல்லாம் இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். கான்கிரீட் கப்பலின் சுக்கான் இதுதான்.

இரும்பு கிடைக்காத நாட்கள்

முதலில் கொஞ்சம் வரலாறு. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பிரான்ஸின் தென்பகுதியில் ஜோசப் லூயி லாம்போ என்பவர் 1848-ல் கம்பி வலையின்மேல் சிமென்ட் பூசி ஒரு சின்னப் படகு செய்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. இன்று நம் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட் கூரைக்கு அந்தப் படகு ஒரு வகையில் மூத்த அண்ணன். கட்டடத்துக்கு முன்னால் படகில்தான் கம்பியும் சிமென்ட்டும் ஜோடி சேர்ந்து பழகின என்றால் அது மிகையாகாது.

பெரிய கப்பல் வந்தது முதல் உலகப் போரில். இரும்புக்கு எல்லா நாட்டிலும் தட்டுப்பாடு. நார்வேயில் நிக்கோலாய் ஃபௌக்னர் என்ற பொறியாளர் 1917-ல் ‘நாம்சென்ஃபியோர்ட்’ என்ற கான்கிரீட் கப்பலை இறக்கினார். 84 அடி நீளம், சொந்த இயந்திரம். அடுத்த வருடமே கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் 320 அடி நீளத்தில் ‘ஃபெய்த்’ தண்ணீரைத் தொட்டது. ஃபெய்த் என்றால் நம்பிக்கை. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வா, பயமா என்று தெரியவில்லை.

ஃபெய்த் மிதந்ததும் அமெரிக்க அரசு உற்சாகமாகிவிட்டது. 24 கான்கிரீட் கப்பல்களுக்கு அதிபர் உட்ரோ வில்சன் ஒப்புதல் தந்தார். கட்டி முடித்தது 12. அவை கடலுக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது. ‘செல்மா’ என்ற எண்ணெய்க் கப்பலை அலபாமாவின் மொபைல் நகரில் இறக்கிய நாள் 1919 ஜூன் 28. அன்றுதான் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது!

செல்மாவின் நீளம் 434 அடி. பக்கச் சுவர் 4 அங்குலம், அடித்தளம் 5 அங்குலம் தடிமன். நம் மாடி வீட்டுக் கூரையின் தடிமன்தான். இரும்புக் கப்பலில் அதே இடத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தகடு இருக்கும். சாதாரண ஜல்லி போட்டால் எடை தாங்காது என்று, சூளையில் சுட்டு உப்ப வைத்த களிமண் பாறைத் துண்டுகளை ஜல்லியாகப் போட்டார்கள். கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹேடு என்ற செங்கல் சூளைக்காரரின் கண்டுபிடிப்பு அது. சூளையில் சில செங்கல்கள் உப்பிப்போய் வீணாவதை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் அதை எடுத்துப் பார்த்து யோசித்தவர்.

எட்டரை டன் கேட்

இனி சுக்கானுக்கு வருவோம்.

சுக்கான் என்பது கப்பலின் பின்முனையில் தொங்கும் ஒரு பலகை. நேராக இருக்கும்போது தண்ணீர் இரு பக்கமும் சமமாக வழுக்கிப் போகும். கொஞ்சம் திருப்பினால் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும். அந்த வித்தியாசம் கப்பலின் வாலை ஒரு பக்கமாகத் தள்ளும். வால் இடப்பக்கம் போனால் தலை வலப்பக்கம் திரும்பும். ஆக, சுக்கான் கப்பலைத் திருப்புவதில்லை. வாலைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது பின்முனைச் சுவர்.

எவ்வளவு தள்ளல்? கப்பல் பொறியியல் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு பழைய சூத்திரம் உண்டு. சுக்கானின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து வர்க்கம் செய்யுங்கள். இரண்டையும் பெருக்கி, 577-ஆல் பெருக்கி, சுக்கான் திரும்பிய கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் விசை நியூட்டனில் வரும்.

கணக்கு என்றால் ஸ்க்ரோல் செய்து ஓடுகிறவர்களுக்கு நானே போட்டுத் தருகிறேன். 4 மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம், ஆக 10 சதுர மீட்டர் சுக்கான். வேகம் வினாடிக்கு 5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 10 நாட். நன்றாகச் சைக்கிள் மிதிக்கிற பையனின் வேகம்தான். சுக்கானை முழுசாக 35 டிகிரி திருப்பினால், விசை சுமார் 83,000 நியூட்டன். நம் பாஷையில் எட்டரை டன். ஒன்றரை வளர்ந்த யானை பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. அது மட்டுமில்லை, சுக்கான் இருப்பது புரொபெல்லருக்கு நேர் பின்னால். அது தள்ளும் நீரின் வேகம் கப்பலின் வேகத்தைவிட அதிகம். அதனால் வடிவமைப்பவர் கையில் இருக்கும் எண் இன்னும் பெரிதாகவே இருக்கும்.

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். சுக்கானைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பது ஒன்று. சுக்கானைத் தாங்கும் கீல்களில் எவ்வளவு சுமை விழும் என்பது இன்னொன்று.

முறுக்கு எப்படி வருகிறது? அந்த எட்டரை டன்னும் பலகையின் நடுவில் விழுவதில்லை. முன் விளிம்புக்குப் பக்கமாகவே விழுகிறது. 35 டிகிரியில் அகலத்தின் 37 சதவீத தூரத்தில். நம் கணக்கில் 92 சென்டிமீட்டர். முன் விளிம்பிலேயே கீல் என்றால், 92 சென்டிமீட்டர் தள்ளி எட்டரை டன். இதைத் தாங்கச் சுக்கான் தண்டு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள திட இரும்பாக இருக்க வேண்டும். ஒரு நடுத்தர பப்பாளி மரத்தின் பருமன்.

பலகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தண்டுக்கு முன்னால் நீட்டிவிட்டால், விசை விழும் இடம் தண்டுக்கு நெருக்கமாகிவிடும். முறுக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சமன் செய்த சுக்கான் என்று இதற்குப் பெயர். திருப்பும் இயந்திரத்துக்குக் கொண்டாட்டம்.

ஆனால் கீல்களுக்கு? ஒரு கிலோகூடக் குறையாது. எட்டரை டன் எட்டரை டன்தான். இரும்புக் கப்பலில் இது பெரிய விஷயமில்லை. கான்கிரீட் கப்பலில் இதுதான் விஷயமே. திருப்புவதைச் சுலபமாக்கிவிட்டோம் என்று பின்முனைச் சுவரை மெலியவிட்டால், சுவர் ஏமாறாது.

இழுத்தால் கோபம் வரும்

கான்கிரீட்டின் சுபாவம் ஊரறிந்தது. அமுக்கினால் மலை மாதிரி நிற்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குமா என்பது சந்தேகம். அதனால்தான் உள்ளே கம்பி. இழுக்கும் வேலையெல்லாம் கம்பியுடையது.

வீட்டுக் கூரையில் எந்தப் பக்கம் இழுபடும் என்று முன்கூட்டியே தெரியும். நடுவில் அடிப்பக்கம், சுவருக்கு மேலே மேல்பக்கம். கம்பி கட்டுகிறவர் அதற்கேற்ற மாதிரி வளைத்துக் கட்டுவார். சுக்கான் கீலில் அப்படி எதுவும் நிலையில்லை. மாலுமி வலப்பக்கம் திருப்பினால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். இடப்பக்கம் திருப்பினால் எல்லாம் தலைகீழ். ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான முறை. போதாததற்குப் புரொபெல்லரின் ஒவ்வொரு இதழும் கடந்து போகும்போது ஒரு சின்ன அடி. ஒரு கம்பியை விடாமல் முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் முறியும் அல்லவா? கான்கிரீட்டில் அது விரிசலாகத் தொடங்கும்.

அதனால் முதல் விதி: சுக்கானின் எந்த உறுப்பும் கான்கிரீட்டை நேரடியாகத் தொடக்கூடாது. பழைய வீட்டு மரக்கதவுகளில் மேலும் கீழும் குடுமி இருக்கும், அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். சுக்கானிலும் அதேதான். சுக்கானோடு சேர்ந்த முளைக்குப் பெயர் பின்டில். அது உட்காரும் குழிக்குப் பெயர் கட்ஜன். அந்தக் குழிக்குள் வெண்கல உறையோ, லிக்னம் வைட்டே என்கிற இரும்பு மாதிரி கெட்டியான மரமோ வைப்பார்கள். அந்த மரத்துக்குக் கடல்நீரே எண்ணெய்.

இந்தக் குழிகளையெல்லாம் சேர்த்துப் பிடிப்பது பின்சட்டம். கப்பலின் பின்முனையில், புரொபெல்லரைச் சுற்றி ஒரு ஜன்னல் நிலைச் சட்டம் மாதிரி வார்த்த எஃகு. மேலே கப்பலின் உடலோடு, கீழே அடிமரத்தோடு சேரும். கீழ்க் குடுமி உட்காருவது அந்தச் சட்டத்தின் அடிக்கை நுனியில். அந்தக் கையைக் கான்கிரீட்டில் செய்ய முடியாதா என்று கேட்டால், செய்யலாம், ஆனால் தேவையான பலத்துக்கு அது பானை வயிறு மாதிரி தடிமனாகி, புரொபெல்லருக்குத் தண்ணீரே போகாமல் அடைத்துக்கொள்ளும். எனவே இங்கே எஃகைத் தவிர வழியில்லை. கான்கிரீட் கப்பல் என்று பெயர்தானே தவிர, அதன் வால் இரும்புதான்.

இப்போது அந்த இரும்பு வாலைக் கான்கிரீட் உடம்பில் ஒட்ட வேண்டும். இரும்புக் கப்பலில் சுலபம்: சட்டத்தில் தகட்டை வைத்து வரிசையாக ரிவெட் அடித்துவிடுவார்கள். கான்கிரீட்டில் ரிவெட் அடிக்க முடியுமா?

இதற்கு இரண்டு வழி. சட்டத்திலிருந்து பல கைகளை உள்நோக்கி நீட்டி, அவற்றைக் கப்பலின் கம்பிக் கூட்டோடு பின்னிவிட்டு, மொத்தத்தையும் சேர்த்துக் கான்கிரீட் போடுவது ஒன்று. மரத்தின் வேர் மண்ணுக்குள் பரவுகிற மாதிரி சுமை மெதுவாகப் பரவும். ஒரே இடத்தில் கூராகக் குவியாது. இன்னொரு வழி, சுவரைத் துளைத்துச் செல்லும் நீண்ட போல்ட்கள். உள்பக்கம் அகலமான எஃகுத் தகடு, வெளிப்பக்கம் சட்டம், நடுவில் கான்கிரீட். போல்ட்டை நன்றாக முறுக்கினால் கான்கிரீட் இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி அமுங்கியே இருக்கும். சுக்கான் இழுக்கும்போது அந்த அமுக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இழுபடும் நிலைக்கே அது போகாது. எனக்கு இந்த இரண்டாவது வழியில் இருக்கிற தந்திரம் ரொம்பப் பிடிக்கும். கான்கிரீட்டுக்கு இழுப்பது பிடிக்காதா? சரி, அதை இழுக்கவே வேண்டாம் என்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். கான்கிரீட் வருடக்கணக்கில் அமுக்கத்தில் இருந்தால் மெல்ல மெல்லச் சுருங்கிக் கொடுக்கும். முறுக்கிய போல்ட் தளரும். ஆகவே உள்பக்க நட்டுகளுக்கு ஒரு ஆள் ஸ்பேனரோடு போய்வர இடம் விட வேண்டும். கப்பலின் பின்முனை குறுகிப் போகும் இடம். அங்கே இடம் விடுவது காகிதத்தில் கோடு போடும்போதே நினைவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கம்பி இழுத்துப் பார்

இரும்புக்காரரும் கொத்தனாரும் ஒரே வேலையில் இருந்தால் என்ன நடக்கும்? அளவுச் சண்டை. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பற்றிப் பேசுவார். சென்ட்ரிங் அடிக்கிறவருக்கு ஐந்து மில்லிமீட்டர் கணக்கே இல்லை. அவர் மேல் தப்பில்லை, பலகையும் ஈரக் கான்கிரீட்டும் அப்படித்தான்.

சுக்கானுக்கு மேல்குடுமி, கீழ்க்குடுமி, தண்டு ஏறும் குழாய், மேலே உள்ள தாங்கி, எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சுக்கான் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். ஆடுகிற முளை குழியைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டல் விரிசலாகும்.

இரும்புச் சுவராக இருந்தால் பிறகு துளையைப் பெரிதாக்கலாம், நகர்த்தலாம். கான்கிரீட்டில் பிறகு துளை போட்டால் உள்ளே இருக்கிற கம்பி அறுந்துபோகும். எங்கெல்லாம் துளை வேண்டுமோ அங்கெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே குழாய்களைச் செருகி வைக்க வேண்டும். மறந்தால் மறந்ததுதான். கூரை போட்ட பிறகு ஃபேன் கொக்கி ஞாபகம் வருகிற வீடுகள் நமக்குத் தெரியாதா என்ன!

இதற்கு நிதானமான வழி: உறுப்புகள் உட்காரும் இடத்தைச் சுற்றி வேண்டுமென்றே பள்ளம் விட்டுக் கான்கிரீட் போடுவது. அது இறுகிச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு, மேலிருந்து கீழே மெல்லிய எஃகுக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டுக்கு ஒவ்வொரு உறுப்பையும் நகர்த்தி நிறுத்தி, கடைசியில் மீதிப் பள்ளத்தைக் கலவையால் நிரப்புவது. நேரம் எடுக்கும். போர்க்கால அவசரத்தில் மேஸ்திரியின் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் வேறு குறுக்கு வழி இல்லை.

இன்னொரு சின்ன உறுப்பையும் சொல்லியாக வேண்டும். சுக்கான் 35 டிகிரிக்கு மேல் திரும்பாமல் இருக்க ஒரு தடுப்பு உண்டு. புயலில் பின்னாலிருந்து அலை அறைந்தால் சுக்கான் முழு வேகத்தில் அந்தத் தடுப்பில் போய் மோதும். அதைக் கான்கிரீட் தளத்தின்மேல் வைப்பது, சுத்தியலுக்கு அடியில் பீங்கான் தட்டை வைப்பது மாதிரி. பின்சட்டத்தின் எஃகிலேயே அது உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் பல சரக்குக் கப்பல்களில் நடுவில் இருந்த நீராவி இயந்திரத்திலிருந்து சங்கிலி ஓடிவந்து சுக்கானைத் திருப்பும். அந்தச் சங்கிலி வழியில் உதறலை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பிறகு துரு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிடாமல் காக்கும். கடல் உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு உடையும். இரும்பும் கான்கிரீட்டும் சேரும் கோடுதான் உப்புத் தண்ணீர் நுழைய வசதியான வாசல். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வரும். கேட் தூணில் சிமென்ட் பெயர்வது இதனால்தான். எனவே சட்டம் சுவரைத் தொடும் இடம் முழுக்க, தண்ணீர் புகாத ஒரு மெத்தை அடுக்கு வேண்டும்.

மோதினால் என்ன ஆகும்?

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? 1920 அக்டோபரில் அமெரிக்காவின் நாரகன்செட் விரிகுடாவில் ‘கேப் ஃபியர்’ என்ற கான்கிரீட் கப்பல் ‘சிட்டி ஆஃப் அட்லாண்டா’ என்ற கப்பலோடு மோதியது. சில நிமிடங்களில் மூழ்கிப் போனது. 19 பேர் இறந்தார்கள். இரும்புத் தகடு மோதினால் நசுங்கும், மடியும், அதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கான்கிரீட் சுவர் நசுங்காது, நொறுங்கும்.

அதே வருடம் மே மாதம் மெக்ஸிகோவின் டாம்பிகோ துறைமுகத்தில் செல்மா அலைதடுப்புக் கற்களில் ஏறியது. சுவரில் 60 அடி நீளத்துக்குப் பிளவு. டெக்ஸாஸின் கால்வெஸ்டனுக்குக் கொண்டு வந்து சரிசெய்யப் பார்த்தார்கள், முடியவில்லை. 1922-ல் அங்கேயே ஆழமில்லாத நீரில் உட்காரவைத்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் பிப்ரவரியில், மெய்ன் மாநிலக் கடலோரத்தில், பனிப்புயலில் ‘போலியாஸ்’ ஒரு பாறைமேல் ஏறியது. பயந்துபோன 11 பேர் உயிர்காக்கும் படகில் இறங்கிப் போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கான்கிரீட் உடல் பாறைமேல் அசையாமல் நின்றது. நிற்கும்போது அவ்வளவு பலம், மோதும்போது அவ்வளவு பலவீனம்.

இந்தக் கப்பல்களின் விபத்துகளுக்குச் சுக்கான்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. மோதலைத் தாங்காத கப்பலுக்கு, மோதாமல் விலகும் திறமை மற்ற கப்பல்களைவிட அதிகம் வேண்டும் என்கிறேன். ஆனால் கான்கிரீட் கப்பல் தன் எடையே அதிகமாக உள்ள கப்பல். திரும்பத் தொடங்கவும் நேரமாகும், திரும்புவதை நிறுத்தவும் நேரமாகும். சுக்கானைப் பெரிதாக்கினால் திரும்பும், கூடவே பின்முனைச் சுவரின் சுமையும் ஏறும். வடிவமைப்பவர் நின்ற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

அதனால்தானோ என்னவோ, கான்கிரீட்டில் இயந்திரமே இல்லாத இழுவைப் பார்ஜ்களும் நிறையக் கட்டினார்கள். பிரிட்டனில் 1918-க்குப் பிறகு ‘கிரீட்’ என்று தொடங்கும் பெயர்களோடு பார்ஜ்களும், அவற்றை இழுக்கக் கான்கிரீட் டக் படகுகளும் வந்தன. இழுத்துச் செல்லப்படுகிற பார்ஜுக்கு வேறொரு வியாதி: கயிற்றின் நுனியில் கன்றுக்குட்டி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அதைத் தடுக்கப் பின்னால் அசையாத துடுப்புச் சுவர் ஒன்று வைத்தாலும் போதும். அசையாததைக் கான்கிரீட்டில் செய்வது சுலபம், கீலே வேண்டாமே!

இரண்டாம் உலகப் போரில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மெக்லாஸ்கி நிறுவனம் மறுபடியும் 24 கான்கிரீட் கப்பல்கள் கட்டியது. சிமென்ட் துறை முன்னோடிகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். அவற்றில் இரண்டை 1944-ல் நார்மண்டிக் கரையோரம் அலைதடுப்பாக மூழ்கடித்தார்கள். ஒன்பது கப்பல்கள் வர்ஜீனியாவின் கிப்டோபீக்கில் வரிசையாக நிற்கின்றன, அங்கும் அலைதடுப்பாகத்தான்.

கொல்லைப்புறத்தில் கட்டிய படகு

பெரிய கப்பல்கள் ஓய்ந்தாலும் விஷயம் ஓயவில்லை. இத்தாலியின் பியர் லூயிஜி நெர்வி, கட்டடக் கலையில் பெரிய பெயர், 1940-களில் நெருக்கமான கம்பி வலைமேல் சிமென்ட் பூசி 165 டன் படகு ஒன்று கட்டினார். சுவர்த் தடிமன் வெறும் 36 மில்லிமீட்டர். ஃபெர்ரோசிமென்ட் என்று இதற்குப் பெயர். 1960, 70-களில் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் என்று பல நாடுகளில் சாதாரண மனிதர்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஃபெர்ரோசிமென்ட் பாய்மரப் படகு கட்டினார்கள். நண்பர்களைக் கூப்பிட்டு ஒரே நாளில் பூச்சு முடிப்பார்கள். பூச்சு நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டு விழுந்துவிடுமே!

அந்தப் படகுகளிலும் சுக்கான் இடம்தான் சோதனை. சுக்கானைத் தாங்கும் மெல்லிய பின்துடுப்பு, இரண்டு பக்கமும் வலை நெருங்கி இருக்கும் ஒடுக்கமான இடம். அங்கே கலவை முழுசாக இறங்காமல் உள்ளே வெற்றிடம் நின்றுவிடும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். அனுபவசாலிகள் அதை இரும்பில் செய்துவிடுவார்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் வலையைக் குறைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கலவையை அழுத்தி மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடமாட்டார்கள்.

வெண்கலம் இன்னொரு பொறி. சுக்கான் குழிக்கு வெண்கல உறை நல்லதுதான். ஆனால் அது உள்ளே இருக்கும் கம்பி வலையைத் தொட்டுவிட்டால், கடல்நீரும் சேர்ந்து, படகே ஒரு பேட்டரியாகிவிடும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, வலைதான் கரையும். எபாக்ஸியோ பிளாஸ்டிக் உறையோ போட்டு இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

இப்போதும் வெளிநாடுகளில் அந்தக் காலத்து ஃபெர்ரோசிமென்ட் படகுகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாததால், இன்ஷூரன்ஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வாங்கப் போகிற விவரமானவர் முதலில் கேபினைப் பார்ப்பதில்லை, சமையல் மேடையைப் பார்ப்பதில்லை. படகைக் கரையேற்றச் சொல்லி நேராகப் பின்பக்கம் போவார். சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். குழியைச் சுற்றிப் பழுப்புக் கறை ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சின்னச் சுத்தியலால் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வருவார். கணீரென்று கேட்டால் அடுத்த இடம். தேங்காய் மூடி மாதிரி ‘பொத்’ என்று கேட்டால், பர்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்வார்.